குச்சிக் கட்டுக்கு அடியில் மூன்று குட்டிகள்: சேர்வராயன் அடிவாரத்தில் ஒரு துருப்புள்ளிப் பூனைக் குடும்பம்

ஏப்ரல் முதல் வாரத்தில், சேர்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஒரு மரவள்ளித் தோட்டத்தில் மூன்று காட்டுப்பூனைக் குட்டிகள் கிடைத்தன. இரண்டு குட்டிகள் இரண்டாம் இரவு தாயிடம் போய்ச் சேர்ந்தன. ஒன்று இறந்தது. அந்த மூன்று நாட்களில் எடுத்த முடிவுகளும், அவற்றில் எவை சரி, எவை தவறு என்பதும் இங்கே பதிவாகின்றன. ஊரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டுமென்றே தரப்படவில்லை. தாய்ப்பூனை இன்னும் அந்தப் பக்கத்துக் கரட்டில்தான், அதாவது பாறைக்குன்றில்தான், இருக்கிறது.

பின்னணி

துருப்புள்ளிப் பூனை உலகின் மிகச் சிறிய காட்டுப்பூனைகளில் ஒன்று. நன்கு வளர்ந்ததே 1 முதல் 1.6 கிலோதான் இருக்கும். வீட்டுப்பூனையில் பாதிக்கும் குறைவு. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் கிடையாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2016 மதிப்பீட்டில் 'அச்சுறுத்தலை நெருங்கும்' இனமாக வைக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் புலிக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. அடிவாரத்து மக்கள் இதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கவில்லை. காட்டுப்பூனை என்ற ஒரே பெயருக்குள் இதுவும், பெரிய காட்டுப்பூனையும், சில சமயம் மரநாயும்கூட அடங்கிவிடும். வெருகு என்ற பழைய சொல் இப்போது அந்தப் பக்கத்துப் பேச்சில் இல்லை.

இது அடர்காட்டு விலங்கு அல்ல. வறண்ட இலையுதிர் காடு, முட்புதர், பாறைக் கரடு, அதை ஒட்டிய வயல், இவைதான் இதன் இடம். எலியும் ஓணானும் சிறு பறவையும் எங்கே மிகுதியோ அங்கே இருக்கும். எனவே இந்த இனத்தின் கணிசமான பகுதி காப்புக்காட்டின் எல்லைக்கு வெளியே, பட்டா நிலத்தில் குட்டி போடுகிறது. சேலம் பக்கம் அதன் பொருள் மரவள்ளித் தோட்டம், சோளக்காடு, பாக்குத்தோப்பு, கல்கட்டு வரப்பு. மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டும்போது இதே குட்டிகள் கிடைப்பது பலமுறை பதிவாகியிருக்கிறது.

இங்கே கரும்புக்குப் பதில் குச்சி. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கியபின் அடுத்த நடவுக்கான தண்டுகளைக் கட்டுகளாகக் கட்டி, மர நிழலில் நிறுத்தி வைப்பார்கள். வாரக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. உள்ளே இருட்டு, வெளியே நிழல், பக்கத்தில் கிழங்கு தின்ன வரும் எலி. குட்டி போட இதைவிட நல்ல இடம் ஒரு பூனைக்குக் கிடைக்காது. இந்தத் தோட்டத்தில் அந்த அடுக்கு வேப்பமரத்தடியில், வயலில் பொறுக்கிப் போட்ட கற்குவியலை ஒட்டி இருந்தது. அங்கிருந்து கரடு 200 மீட்டர் தூரம்கூட இல்லை.

முதல் நாள் காலை

குச்சியை வாங்கிய வியாபாரியின் ஆட்கள் காலை 8.30க்கு டிராக்டரில் ஏற்றத் தொடங்கினார்கள். அடுக்கின் கிழக்கு மூலையில் கட்டுகளை எடுத்தபோது குட்டிகள் தெரிந்தன. சிறுத்தைக் குட்டி என்று ஒருவர் சொல்ல, படம் வாட்ஸ்ஆப்பில் பறந்தது. அரை மணி நேரத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள்.

சிறுத்தையா என்ற கேள்விக்குத் தராசு ஒன்றே போதும். சிறுத்தைக் குட்டி பிறந்த அன்றே அரைக் கிலோ அளவில் இருக்கும். கண் திறந்த குட்டி கையளவே இருந்து, 200 கிராமைக்கூட எட்டவில்லை என்றால் அது சிறுத்தை அல்ல. ஆனால் அந்தத் தராசு வரும்வரை பயம்தான் முடிவெடுத்தது. தாய்ச்சிறுத்தை தேடி வரும் என்று பயந்து, குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துத் தோட்டக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டும் அன்பால் நடந்தவை. கைக்குழந்தைக்குப் புகட்டும் சங்கில் பசும்பால் ஊற்றி, குட்டிகளை மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கு புகட்டினார்கள். பிறகு, சிந்திய பாலுக்கு எறும்பு வராமலிருக்கப் பெட்டியைச் சுற்றி எறும்புப் பொடி தூவினார்கள். “பசிக்குமேன்னுதான் குடுத்தோம்ங்க” என்று அந்த வீட்டம்மா பிறகு சொன்னார். அதில் பொய்யில்லை.

வனத்துறைக்குத் தகவல் 11.40க்குப் போனது. வனவரும், ஒரு வனக்காவலரும், மலைக்கிராமத்தைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரும் 12.50க்கு வந்தார்கள். கால்நடை மருத்துவர் 2.30க்கு வந்தார்.

என்ன கண்டார்கள்

இன அடையாளம் எளிதாக இல்லை. வளர்ந்த பூனையின் முதுகில் தெரியும் துரு நிறப் புள்ளி குட்டியில் இருக்காது. வரிசை வரிசையாகக் கரும்புள்ளிதான் இருக்கும். வீட்டுப்பூனைக் குட்டி என்று பலர் ஏமாறுவது இங்கேதான். மருத்துவர் மூன்று அடையாளங்களைப் பார்த்தார். வாலில் வளையங்கள் இல்லை; வரிப்போட்ட வீட்டுக்குட்டிக்கு வால் நெடுக வளையம் தெரியும். கண்ணின் உள்மூலையிலிருந்து நெற்றிக்கு ஏறும் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருந்தன. காது சிறியது, முனை வட்டம். பெரிய காட்டுப்பூனையின் குட்டிக்குக் கால் நீளம், காது கூர். மரநாய்க் குட்டிக்கு மூக்கு நீண்டிருக்கும். சந்தேகம் இருக்கும்போது காட்டு இனம் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. வீட்டுப்பூனை என்று பின்னால் தெரிந்தால் நட்டம் ஒன்றுமில்லை.

எடை 182, 175, 151 கிராம். கண் முழுதாகத் திறந்திருந்தது, முன்பற்கள் ஈறில் தட்டுப்பட்டன, நடை தள்ளாட்டம். வயது சுமார் மூன்று வாரம். சின்னக் குட்டியின் உடல் வெப்பம் மற்ற இரண்டைவிடக் குறைவு. நீர்ச்சத்துக் குறைவைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது இந்த வயதில் பயன்படாது. ஈறின் ஈரமும் சிறுநீரின் நிறமும்தான் கணக்கு. மூன்றுக்கும் சிறுநீர் மஞ்சளாக இருந்தது. வெதுவெதுப்பாக்கிய ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர்க் கரைசல் தோலுக்கடியில் தலா 5 மில்லி செலுத்தப்பட்டது. பெட்டியை அப்புறப்படுத்தி, குட்டிகளை வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்தார்கள். காரணம் எறும்புப் பொடி. கடைகளில் கிடைக்கும் பொடியிலும் சாக்கட்டியிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து இருக்கும். பூனையின் கல்லீரலால் அதை வேகமாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனைக்கு வலிப்பைக் கொண்டுவரும். எறும்பைத் தடுக்க அடுப்புச் சாம்பலை வளையமாகப் போட்டாலே போதும்.

குட்டியைத் தூக்கிய ஆள் ஒருவருக்குக் கையில் கீறல். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவச்சொல்லி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். சின்னக் குட்டிதானே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை: பால் குடித்தபோது எதுவும் இருமியதா, மூக்கு வழியாகப் பால் வந்ததா? சின்னக் குட்டியின் மூக்கில் பால் நுரைத்ததை வீட்டம்மா 11 மணிக்கே பார்த்திருந்தார். அது மறுநாள்தான் பேச்சில் வந்தது.

முதல் முடிவு: பூங்காவுக்கு அனுப்புவதில்லை

சேலத்தை ஒட்டியே குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருப்பதால், குட்டிகளை அங்கே ஒப்படைத்துவிடலாம் என்ற யோசனை முதலில் வந்தது. எழுத்து வேலையும் குறைவு. வனவரும் மருத்துவரும் அதை ஏற்கவில்லை. கையால் வளர்த்த குட்டிக்கு உயிர் தங்கலாம், வேட்டை தங்காது. எலியை எப்படிக் கழுத்தில் கவ்வுவது, நாயின் வாசம் வந்தால் எந்தப் பாறைக்குள் புகுவது என்பதெல்லாம் தாயோடு இரவில் அலைந்து படிப்பவை. மனிதக் கையில் பால் குடித்த பூனை மனிதரைக் கண்டால் ஓடாது. அடிவாரத்தில் அப்படி ஒரு பூனையின் ஆயுள் சில நாட்கள்தான். ஒரு ஈற்றுக்கு ஒன்று முதல் மூன்று குட்டிதான் போடும் இனம் இது. கூண்டுக்குப் போகும் ஒவ்வொன்றும் காட்டுக்கு இறந்ததே.

மனித வாசம் பட்டால் தாய் சேர்க்காது என்ற நம்பிக்கை கூட்டத்தில் பலமுறை எழுந்தது. அது உண்மையல்ல. மனிதர் கைபட்ட குட்டிகளைக் காட்டுப்பூனைத் தாய்கள் திரும்ப எடுத்துச் சென்றிருக்கின்றன. தாயைத் தடுப்பது வாசத்தைவிடக் கூட்டமும் வெளிச்சமும் நாயும்தான்.

முதல் இரவு

அன்று மாலை எடுத்த முடிவுகளில் நான்கு தவறு. அப்போது அவற்றுக்கெல்லாம் காரணம் இருந்தது.

இடம். வியாபாரியின் டிராக்டர் வாடகையில் ஓடிக்கொண்டிருந்தது. மீதிக் கட்டுகளையும் ஏற்றிவிட்டுப் போகட்டும் என்று, குட்டிகளை 35 மீட்டர் தள்ளி மோட்டார் ரூம் ஓரமாக வைத்தார்கள். அங்கே கண்காணிப்பதும் எளிது. குரல் கேட்டுத் தாய் வந்துவிடும் என்று நினைத்தார்கள்.

வயிறு. பூனைக்குட்டிக்கான பால்மாவைச் சேலம் டவுனிலிருந்து வரவழைத்து, 100 கிராம் எடைக்கு 4 மில்லி வீதம், வயிறு கீழே இருக்கும்படி பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் துளித்துளியாகக் கொடுத்தார்கள். அளவும் முறையும் சரி. பூனைப்பாலில் புரதம் பசும்பாலைவிட இரு மடங்குக்கு மேல். பசும்பாலில் இனிப்புச் சத்து கூடுதல், அது கழிச்சலைக் கொண்டுவரும். பிழை நேரத்தில்தான். 6.15க்கு வயிறு நிறைந்த குட்டிகள் 6.40க்கு வெளியே வைத்தபோது நன்றாகத் தூங்கிவிட்டன. தூங்கும் குட்டி கத்தாது. கத்தாத குட்டியை 35 மீட்டர் தள்ளி வைத்துவிட்டுக் குரல் கேட்டுத் தாய் வரும் என்று எதிர்பார்த்தது, இப்போது நினைத்தால் விந்தையாக இருக்கிறது.

பெட்டி. கையில் கிடைத்த தக்காளி கிரேட்டில் சாக்கு விரித்து வைத்தார்கள். கிரேட்டின் பக்கங்களில் இருக்கும் ஓட்டைகள் குட்டியின் கால் நுழையும் அளவு. ஒரு குட்டியின் முன்கால் மாட்டித் தோல் உரிந்தது.

கேமரா. தானியங்கிக் கேமராவை மோட்டார் ரூம் சுவரில் இடுப்பு உயரத்தில் கட்டி, கீழ்நோக்கிச் சாய்த்தார்கள். இந்தக் கேமராவின் உணர்கருவி, சுற்றுப்புறத்துக்கும் விலங்கின் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கண்டுதான் இயங்கும். ஏப்ரல் மாலையில் சேலத்து மண்ணும் சுவரும் பகலெல்லாம் குடித்த வெயிலை விட்டுக்கொண்டிருக்கும். ஒரு கிலோ பூனையின் உடல் சூடு அதில் கரைந்துவிடுகிறது. அந்த இரவு கேமராவில் பதிந்தது 9.10க்கு வந்த ஒரு நாய் மட்டும். நாய் கிரேட்டை மோப்பம் பிடித்து, மறைவிலிருந்த காவலர் அதட்டியதும் போய்விட்டது. மோட்டார் ரூம் விளக்கும் பத்து மணிவரை எரிந்தது. சாலையில் நின்றவர்களின் செல்போன் டார்ச்சும் விட்டுவிட்டு வந்தது.

காகமும் வெயிலும் வருமுன் 5.15க்குக் குட்டிகளை எடுத்துவிட்டார்கள். தாய் வரவில்லை, கைவிட்டுவிட்டது என்பதுதான் அப்போது எல்லோர் வாயிலும் வந்த பேச்சு.

தூசியில் தெரிந்தது

வேட்டைத் தடுப்புக் காவலர் முதல் நாள் மாலை யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்திருந்தார். குச்சி அடுக்கு இருந்த மூலையை விளக்குமாற்றால் பெருக்கி, சலித்த புழுதியை இரண்டு பாய் அகலத்துக்குப் பரப்பி வைத்திருந்தார். காலையில் அதில் தடம் இருந்தது. வட்டமாக, அகலம் 2.5 சென்டிமீட்டர் அளவில், நகம் பதியாமல். கரட்டுப் பக்கமிருந்து வந்து, குட்டிகள் கிடந்த இடத்தை மூன்று நான்கு முறை சுற்றி, கற்குவியல் மேல் ஏறி, வந்த வழியே திரும்பியிருந்தது. மோட்டார் ரூம் பக்கம் ஒரு தடம்கூட இல்லை.

வீட்டுப்பூனையின் தடமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆகவே தடத்தை மட்டும் வைத்துத் தாய் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஊர்ப்பூனை கரட்டிலிருந்து வராது. வெறும் மண்ணை நான்கு முறை சுற்றாது. தாய் வந்திருக்கிறது, தன் இடத்துக்கே வந்திருக்கிறது, அங்கே எதுவும் இல்லை என்று கண்டு திரும்பியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவிக்குத் தெரியாதது இரண்டு முறம் புழுதிக்குத் தெரிந்தது. இந்த நிகழ்வின் திருப்பமே அதுதான்.

இரண்டாம் நாள்

காலையில் எடை 176, 170, 143. சின்னக் குட்டிக்கு மூச்சு வேகமாக ஓடியது, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, பால் குடிக்கவில்லை. மார்பில் கரகரப்பு. பால் நுரையீரலுக்குள் போனதால் வந்த நிமோனியா என்று மருத்துவர் முடிவு செய்தார். முதல் நாள் பால் மூக்கில் வந்த செய்தி அப்போதுதான் வெளிவந்தது. நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தும் ஆக்சிஜனும் கொடுக்க அதை டவுனுக்கு எடுத்துச் சென்றார்கள்.

இங்கே கடினமான முடிவு ஒன்று வந்தது. மூன்றையும் சேர்த்து வைப்பதா, இரண்டை மட்டும் வைப்பதா? மூன்றாவதைக் குணமாக்கிய பிறகு சேர்க்கலாம் என்று காத்திருந்தால், தாயின் பால் வற்றும்; இடத்தையும் விட்டுவிடும். பிரிந்து இரண்டு இரவு தாண்டினால் வாய்ப்பு விரைவாகக் குறையும் என்று கருதினார்கள். இரண்டை அன்றிரவே திருப்பிவைப்பது என்று முடிவாயிற்று. பிறகு என்ன நடந்தது என்று தெரிந்த பின்னும் அது சரியான முடிவாகவே தோன்றுகிறது.

வேறொரு முடிவை எடுத்தது தோட்டக்காரர். மீதிக் கட்டுகளை ஏற்றுவதை ஒருநாள் நிறுத்தச் சொன்னார். டிராக்டர் வாடகையும் ஆள் கூலியும் அவர் தலையில் விழுந்தன. இப்படியான நட்டத்தை ஈடுகட்ட வனத்துறையிடம் சட்டென எடுத்துக் கொடுக்கும் வழி ஏதும் இருக்கவில்லை. நேற்று ஏற்றிய கட்டுகளில் பன்னிரண்டை இறக்கி, புழுதித் தடம் சுற்றிய அதே இடத்தில், கூம்பாகச் சாய்த்து நிறுத்தினார்கள். கரட்டைப் பார்த்த பக்கம் ஒரு முழ அகலத்துக்கு வாசல் விட்டார்கள்.

கிரேட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் அன்னக்கூடை. பக்கம் வழவழப்பு, ஓட்டை இல்லை, ஆழம் 20 சென்டிமீட்டர். மூன்று வாரக் குட்டியால் ஏற முடியாது. தாயால் சிரமமின்றிக் குனிந்து எடுக்க முடியும். ஆடாமலிருக்கத் தரையில் நான்கு விரற்கடை தோண்டிப் பதித்தார்கள். உள்ளே கழுவாத பழைய வேட்டித்துணி, அதன்மேல் அந்த இடத்துச் சருகும் மண்ணும். டெட்டால், பினாயில் எதுவும் இல்லை. அடிவாரத்து ஏப்ரல் இரவுக்குச் சூட்டுப் புட்டி தேவைப்படவில்லை. இதே வேலை டிசம்பரில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் என்றால், துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி இல்லாமல் குட்டி விடியும்வரை தாங்காது.

கடைசிப் பால் மாலை 4.15க்கு. வைக்கும்போது இரண்டரை மணி நேரப் பசி. உடம்பு தேறிய குட்டிக்கு மட்டுமே இதைச் செய்யலாம். தளர்ந்த குட்டியைப் பட்டினி போட்டுக் கத்தவைப்பது கொலை.

கேமரா இரண்டு. ஒன்று தரையிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில், கூடையிலிருந்து இரண்டரை மீட்டரில். உணர்கருவியை நம்பாமல் 30 நொடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்தார்கள். மற்றது நான்கு மீட்டரில், வாசலைப் பார்த்து, அசைபடத்துக்கு. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வகை. முன்னால் இருந்த புல்லை அறுத்துவிட்டார்கள். காற்றில் ஆடும் ஒரு புல் ஆயிரம் வெற்றுப் படம் எடுத்துவிடும். சுற்றுவட்ட நான்கு வீடுகளில் நாய்களுக்கு ஐந்து மணிக்கே சோறு போட்டுக் கட்டிவைத்தார்கள். மோட்டார் ரூம் பல்பைக் கழற்றினார்கள். சாலையில் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெரியவர்கள் இருவர் உட்கார்ந்தார்கள். காக்கி உடைக்குக் கேட்காத கூட்டம் அவர்கள் சொன்னதும் கலைந்தது. காவலர்கள் 150 மீட்டர் தள்ளி, காற்று தங்களிடமிருந்து கரட்டை நோக்கி வீசாத பக்கமாக அமர்ந்தார்கள்.

இரண்டாம் இரவு

குட்டிகளை 6.45க்கு வைத்தார்கள். பத்து நிமிடத்தில் கத்தத் தொடங்கின.

7.52 படத்தில் கற்குவியல் மேல் இரண்டு கண்கள். அடுத்த பன்னிரண்டு நிமிடம் தாய் அங்கேயே அசையாமல் படுத்திருந்தது. 8.04க்கு இறங்கி வந்து, கூடையின் விளிம்பில் முன்கால் ஊன்றி, ஒரு குட்டியைப் பிடரியில் கவ்வி எடுத்துக் கரட்டுப் பக்கம் போனது. 8.41க்கு இரண்டாவது. இரண்டு நடைக்கும் இடையே 37 நிமிடம். புதிய இடத்தை அது ஏற்கெனவே தேர்ந்து வைத்திருக்க வேண்டும். அது தொலைவில் இருக்க வேண்டும், அல்லது சுற்றுவழியில் போயிருக்க வேண்டும்.

9.26க்கு மறுபடி வந்தது. கூடைக்குள் தலையை விட்டது. துணியைக் காலால் புரட்டியது. குச்சிக் கட்டின் மேல் ஏறி, உள்பக்கம் இறங்கி, வெளியே வந்து, கூடையருகே உட்கார்ந்தது. 11.15க்கு இன்னொரு முறை. மூன்றாம் இரவும் கூடையை அப்படியே வைத்திருந்தார்கள், 8.10க்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. நான்காம் இரவு வரவில்லை.

மூன்றாவது குட்டி மூன்றாம் நாள் பிற்பகல் இறந்தது. பிரேதப் பரிசோதனையில் இரண்டு நுரையீரலின் முன்மடல்களும் கெட்டிப்பட்டிருந்தன. முதல் அட்டவணை விலங்கு என்பதால் அதிகாரி முன்னிலையில் எரித்து, பதிவேட்டில் எழுதி முடித்தார்கள்.

என்ன மாற வேண்டும்

குட்டியைக் கொன்றது ஒரு சங்கு பால். அந்த வீட்டாரைக் குறை சொல்வதற்கில்லை. பசித்த குட்டிக்குப் பால் கொடுக்காதே என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. தொலைபேசியில் தகவல் வந்த அந்த நிமிடமே சொல்ல வேண்டியது இது: எதுவும் புகட்டாதீர்கள், எடுத்த இடத்திலேயே நிழல் போட்டு வையுங்கள், நாயையும் ஆட்களையும் விலக்குங்கள். மூன்று வாரக் குட்டி மாலைவரை பால் இல்லாமல் தாங்கும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது. முதலில் சூடு, பிறகு நீர், அதற்குப் பின்தான் பால். 11.40க்கும் 12.50க்கும் இடையில் அந்த ஒரு தொலைபேசிப் பேச்சு நடந்திருந்தாலும், சின்னக் குட்டிக்குப் பால் ஏற்கெனவே போய்விட்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படியானால் செய்தி குட்டி கிடைப்பதற்கு முன்பே ஊரில் இருக்க வேண்டும். கிழங்கு அறுவடை முடிந்து குச்சி ஏற்றும் மாதங்களுக்கு முன்னால், வியாபாரிகளின் ஏற்றுக்கூலி ஆட்களிடம். தோட்டக்காரர்களைவிட அவர்கள்தான் அடுக்கைக் கலைப்பவர்கள்.

மருத்துவரின் முதல் கேள்வி, யார் எப்படிப் புகட்டினார்கள் என்பதாக இருக்க வேண்டும். பால் மூக்கில் வந்த குட்டி, வெளியே எவ்வளவு தெம்பாகத் தெரிந்தாலும், முதல் இரவு வெளியே போகக் கூடாது. இங்கே அது போனது. இரவு முழுக்க மூச்சுக்குப் போராடியிருக்கிறது.

இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. குட்டி கிடந்த இடம் என்றால் அந்த இடம்தான்; அடுத்த மரமோ மோட்டார் ரூமோ அல்ல. யார் எடுத்தார்களோ அவரையே அழைத்துவந்து காலால் காட்டச் சொல்லி, ஒரு கல்லை வைத்துவிட வேண்டும். கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் புழுதி பரப்ப வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். காட்டு விலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. இதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தால் அடுத்தமுறை யாரும் தொலைபேசி செய்ய மாட்டார்கள். குட்டியை வேலிக்கு அப்பால் வீசிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். வனவர் அன்று சட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. படம் அனுப்பியவர்களிடம் மட்டும், இடம் தெரியும் படங்களை அழிக்கும்படி தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார். அது சரியான கணக்கு.

பிறகு

கரட்டின் சரிவில், மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி அருகே ஒரு கேமராவை மூன்று வாரம் விட்டுவைத்தார்கள். 19ஆம் இரவில் ஒரு படம்: வளர்ந்த பூனை ஒன்று, அதன் பின்னால் கலங்கலாக ஒரு சிறிய உடல். அது இதே குட்டிகளில் ஒன்றா என்று படத்தை வைத்துச் சொல்ல இயலாது. வேறு படம் கிடைக்கவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்து வீட்டுப்பூனைகளுக்கும் நாய்களுக்கும் தடுப்பூசி முகாம் ஒன்று நடந்தது. பூனைகளின் பான்லுக்கோபீனியா என்ற வைரஸ் நோய் காட்டுப்பூனைக்கும் தொற்றும். கட்டாத ஊர்ப்பூனையும் துருப்புள்ளிப் பூனையும் ஒரே எலிக்காக ஒரே வரப்பில் நடக்கின்றன. வீட்டுப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் யோசனைக்கு ஊரில் வரவேற்பு இல்லை. எலிக்குப் பூனை வேண்டும் என்றார்கள். அது நியாயமான பதில்தான். எலி மருந்துக் கட்டியை விட அது மேல்; மருந்து தின்று தள்ளாடும் எலியைத்தான் காட்டுப்பூனை முதலில் பிடிக்கும்.

தோட்டக்காரர் தன் வழக்கத்தில் ஒன்றை மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு குச்சி ஏற்றுவதற்கு முந்தைய நாள் மாலையே, அடுக்கின் மேல்வரிசையை மட்டும் கலைத்து, வெளிச்சம் உள்ளே விழும்படி செய்துவிட்டு, ஓர் இரவு அப்படியே விட்டார். உள்ளே குட்டி இருந்தால் தாய் அன்றிரவே தூக்கிக்கொண்டு போய்விடும் என்று வேட்டைத் தடுப்புக் காவலர் சொல்லியிருந்தார். காலையில் கட்டுகளை எடுத்தபோது அடியில் குட்டி இல்லை. சருகு அழுந்திய ஒரு வட்டமும், எலிமுடி கலந்து காய்ந்த எச்சமும் இருந்தன.